குடியிருப்பில் இதயநோய் அபாயப் பரிசோதனை முகாம்: எதை அளப்பது, எப்படி அளப்பது?

வேளச்சேரிவாசி (இழையைத் தொடங்கியவர்)
வணக்கம். எங்கள் குடியிருப்போர் சங்கம் அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதயநோய் அபாயப் பரிசோதனை முகாம் நடத்துகிறது. 210 வீடுகள், 30 வயதைத் தாண்டியவர்கள் 400 பேர் இருப்பார்கள். ஓர் ஆய்வகம் 60-க்கும் மேற்பட்ட அளவுகள் அடங்கிய தொகுப்பைத் தருவதாகச் சொல்கிறது. தைராய்டு, வைட்டமின் டி, இசிஜி எல்லாம் அதில் உண்டு. கையில் உள்ள பணத்துக்கு அந்தத் தொகுப்பை 120 பேருக்குத்தான் செய்யமுடியும். எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடலாம்? விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

கணக்குப்பிள்ளை
பட்டியலுக்குப் போகும் முன் ஒன்று கேட்கிறேன். அந்த 400-இல் காவலாளிகள், துப்புரவுப் பணியாளர்கள், வீட்டுவேலைக்கு வரும் பெண்கள், ஓட்டுநர்கள் இருக்கிறார்களா? இல்லை என்றால் முகாமின் பாதிப் பயன் முதல் நாளே போய்விட்டது.

காரணம் சென்னையிலேயே இருக்கிறது. 1990-களின் பின்பாதியில் சென்னை நகர்ப்புற மக்கள்தொகை ஆய்வு என்று ஒன்று நடந்தது. ஒரு நடுத்தர வருமானக் குடியிருப்பு, ஒரு குறைந்த வருமானக் குடியிருப்பு. 20 வயதைத் தாண்டிய 1,262 பேரைப் பரிசோதித்தார்கள். இதயத் தமனி நோய் 11 சதவீதம் பேருக்கு இருந்தது. அப்போது நீரிழிவு நடுத்தரக் குடியிருப்பில் 12.4 சதவீதம், குறைந்த வருமானக் குடியிருப்பில் 6.5 சதவீதம். "பணக்கார வியாதி" என்ற பேச்சுக்கு அன்றைக்கு ஆதாரம் இருந்தது.

பத்தாண்டு கழித்து அதே இரண்டு இடங்களிலும் மறுபடி பார்த்தார்கள். நடுத்தரக் குடியிருப்பில் 15.4. குறைந்த வருமானக் குடியிருப்பில் 15.3. ஒரு பக்கம் கால் மடங்கு ஏறியிருக்கிறது, மறுபக்கம் இரண்டு மடங்குக்கும் மேல். இடைவெளியே மறைந்துவிட்டது. அங்கே புகையிலையும் கூடுதல், மருத்துவரிடம் போகும் வாய்ப்பும் குறைவு என்பதைச் சேர்த்துப் பார்த்தால் யாருக்கு ஆபத்து அதிகம் என்று விளங்கும்.

முகாம்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஏற்கெனவே உடம்பைக் கவனித்துக்கொள்பவர்களே முதலில் வரிசையில் நிற்பார்கள். 35 வயது ஆண், இருசக்கர வாகனத்தில் சுற்றி விற்பனை வேலை செய்பவர், வரமாட்டார். அவருக்காகத்தான் இந்த முகாம். ஞாயிறு காலை மட்டும் போதாது, ஒரு வேலைநாள் மாலையும் வையுங்கள்.

வார்டுசெவிலி
கணக்குப்பிள்ளை சார் சொன்னது நூற்றுக்கு நூறு. நான் பிரஷர் பற்றி மட்டும் எழுதறேன், ஏன்னா எல்லா முகாம்லயும் அதிகமா கெடுறது அதுதான்.

பிரஷர் பார்க்க வர்றவங்க 5 நிமிஷம் சும்மா உட்காரணும். முதுகு சாய்ஞ்சிருக்கணும், கால் ரெண்டும் தரையில பதியணும், கால்மேல கால் போடக்கூடாது. கை மேசைமேல, இதய மட்டத்துல. கை கீழ தொங்கினா ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் கிட்டத்தட்ட 8 புள்ளி கூடுதலா காட்டும். இது நோய் இல்ல, ஈர்ப்புவிசை. அரை மணி நேரத்துக்குள்ள காபி, பீடி, சிகரெட், மாடிப்படி ஏறினது இருந்தா காத்திருக்கச் சொல்லுங்க. சிறுநீர் முட்டிக்கிட்டு இருந்தாலும் ஏறும். பார்க்கும்போது பேச்சுக் கொடுக்கக்கூடாது. "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"ன்னு நாமளே கேட்டுட்டு அவங்க பதில் சொல்றப்ப மெஷின் ஓடினா அந்த எண் தப்பு.

அடுத்தது கஃப், அதாவது கையில சுத்திக் கட்டுற பட்டை. உள்ளே இருக்கிற ரப்பர் பை மேற்கையோட சுற்றளவுல 80 சதவீதம் சுத்தி வரணும். சாதாரண கஃப் 22-லேர்ந்து 32 செ.மீ. கைக்குத்தான். 35 செ.மீ. கைக்கு அதையே இறுக்கிக் கட்டினா பிரஷர் இல்லாதவருக்கும் பிரஷர் வரும். பெரிய கஃப் ரெண்டு, சின்ன கஃப் ஒண்ணு கட்டாயம் வாங்கி வையுங்க. ரவிக்கை, சட்டைக் கை மேலேயே கட்டாதீங்க. சுருட்டி மேலே ஏத்தினா அது கையை இறுக்கும், அதுவும் தப்பு. சட்டையைக் கழட்டச் சொல்றதுதான் சரி, அதுக்கு ஒரு திரை வேணும்.

முதல் தடவை ரெண்டு கையிலயும் பாருங்க. எதுல அதிகமோ அந்தக் கைதான் இனிமே. ஒன்னு ரெண்டு நிமிஷ இடைவெளியில ரெண்டு தடவை பார்த்து சராசரி போடுங்க, ரெண்டுக்கும் 10-க்கு மேல வித்தியாசம் இருந்தா மூணாவது. மணிக்கட்டு மெஷின் வேண்டாம், மேற்கை மெஷின்தான். நாடித்துடிப்பு ஒழுங்கில்லாம தாறுமாறா இருந்தா டிஜிட்டல் மெஷினை நம்பாம கையால பாருங்க, அவங்களை இசிஜிக்கும் அனுப்புங்க.

பதிவேட்டுல எல்லார் எண்ணும் 120/80, 130/90, 140/90ன்னு பூஜ்யத்துல முடிஞ்சா பார்த்தவர் உருண்டையா எழுதியிருக்கார்னு அர்த்தம். 138-ஐ 140னு எழுதினா ஒருத்தர் வீணா நோயாளி ஆவார், 142-ஐ 140க்குக் கீழே தள்ளினா ஒருத்தர் தப்பிப் போவார்.

வேளச்சேரிவாசி
இவ்வளவு இருக்கிறதா! பணியாளர்களையும் சேர்த்துக்கொள்கிறோம், 70 பேர் கூடுவார்கள். ஒருவருக்கு 5 நிமிட ஓய்வு என்றால் வரிசை நகருமா, மேடம்?

வார்டுசெவிலி
நகரும் சார். பதிவு பண்ற மேசைக்கும் பிரஷர் மேசைக்கும் நடுவுல 12 நாற்காலி போடுங்க. கேள்வித்தாளை அங்கேயே நிரப்பவிடாதீங்க, அதை முதல்லயே முடிச்சிடணும். உட்கார்ந்திருக்கிற நேரம்தான் ஓய்வு. மூணு மெஷின், மூணு ஆள் இருந்தா மணிக்கு 35 பேர் தாராளமா பார்க்கலாம்.

ஆய்வகத்தான்
தொகுப்பிலிருந்து தைராய்டு, வைட்டமின் டி, புற்றுநோய்க் கட்டிக் குறியீடுகள், யூரிக் அமிலம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். உங்கள் கேள்வி இதயநோய் அபாயம். அதற்குத் தேவை சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம் எப்படி வேலைசெய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின். நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இருப்பவர்களுக்கு மட்டும் சிறுநீரில் அல்புமின் (ஒரு புரதம்)–கிரியாட்டினின் விகிதம். அவ்வளவுதான். மிச்சமாகும் பணத்தில் மூன்று மடங்கு பேரைப் பார்க்கலாம்.

இசிஜி பற்றி நேரடியாகச் சொல்கிறேன்: நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம் எதுவும் இல்லாதவருக்கு ஓய்வுநிலை இசிஜி எடுத்துப் பெரிதாக ஒன்றும் தெரியாது. அடைப்பு 70 சதவீதம் இருப்பவருக்கும் இசிஜி சரியாக வரலாம். "இசிஜி நார்மல், பயமில்லை" என்று அவர் சிகரெட்டைத் தொடர்வதுதான் அதனால் வரும் கேடு.

கொழுப்புப் பரிசோதனைக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை. சாப்பிட்டபின் டிரைகிளிசரைடு என்ற வகைக் கொழுப்பு கொஞ்சம் ஏறும். மொத்தக் கொழுப்பும் நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல்லும் பெரிதாக மாறாது. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் மட்டும் வெறும் வயிற்றில் மறுபடி எடுங்கள், ஏனென்றால் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல்லைக் கணக்கிடும் சூத்திரம் அங்கே உடைந்துவிடும்.

அந்தச் சூத்திரத்தைப் புரிந்துகொள்வது நல்லது. மொத்தக் கொழுப்பிலிருந்து எச்டிஎல்லைக் கழித்து, டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் வருவது எல்டிஎல். நம் ஊரில் அடிக்கடி பார்க்கும் ஓர் அறிக்கையை எடுத்துக்கொள்வோம்: மொத்தம் 190, எச்டிஎல் 34, டிரைகிளிசரைடு 240. எல்டிஎல் 108 என்று வரும். மொத்தம் 200-க்குக் கீழ், எல்டிஎல்லும் கொஞ்சம்தான் கூடுதல், ஆகவே "நார்மல்" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் மொத்தத்திலிருந்து எச்டிஎல்லை மட்டும் கழித்துப் பாருங்கள்: 156. தமனிச் சுவரில் படியக்கூடிய துகள்கள் எல்லாம் சேர்ந்த கொழுப்பு இது. 130-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. குறைந்த எச்டிஎல், கூடிய டிரைகிளிசரைடு, பார்வைக்குச் சாதுவான எல்டிஎல் என்ற இந்த மூன்றும் சேர்ந்து வருவதுதான் தெற்காசியர்களின் வழக்கமான கோலம். அறிக்கைத் தாளில் "எச்டிஎல் அல்லாத கொழுப்பு" என்று ஒரு வரி அச்சிடச் சொல்லுங்கள். கூடுதல் செலவு எதுவும் இல்லை, ஒரு கழித்தல் கணக்குத்தான்.

ஆய்வகத்தான்
விட்டுப்போனது: மாதிரி எடுக்கும் முறை. சர்க்கரைக்குச் சாம்பல் மூடிக் குழாய், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சிக்கு ஊதா மூடி. சர்க்கரை மாதிரியைச் சாதாரணக் குழாயில் எடுத்து மேசையில் வைத்தால் இரத்த அணுக்களே அந்தச் சர்க்கரையைத் தின்னும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம். சென்னை வெயிலில் இன்னும் வேகம். காலை 7 மணிக்கு 126 ஆக இருந்தது 9 மணிக்கு ஆய்வகம் சேரும்போது 110-ஐ ஒட்டி இறங்கிவிடும். நீரிழிவு உள்ளவருக்கு இல்லை என்று எழுதித் தருவீர்கள். சாம்பல் மூடிக் குழாயில் உள்ள ஃபுளோரைடுகூட முழுதாக வேலைசெய்ய ஒன்றிரண்டு மணி நேரம் எடுக்கும். ஐஸ் பெட்டி வையுங்கள், மணிக்கு ஒருமுறை மாதிரிகளை அனுப்புங்கள். கையில் கட்டும் பட்டையை ஒரு நிமிடத்துக்குமேல் இறுக்கி வைத்தால் கொழுப்பு அளவு கூடுதலாக வரும்.

மாலைநடை
எச்பிஏ1சி எல்லாருக்கும் எடுத்துவிட்டால் வெறும் வயிறு, சாப்பாட்டுக்குப் பின் என்ற தொல்லையே இல்லையே? மாலை முகாமுக்கும் அதுதானே வசதி?

ஆய்வகத்தான்
வசதிதான். ஆனால் இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை உள்ள பெண்களுக்கு எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். அண்மையில் இரத்தம் இழந்தவர்களுக்கும் இரத்தம் ஏற்றியவர்களுக்கும் நம்பமுடியாது. 30 முதல் 45 வயதுப் பெண்களில் இரத்தசோகை எவ்வளவு பரவலானது என்று உங்களுக்குத் தெரியும். 6.5-க்கு மேல் வந்தால் நீரிழிவு என்று உடனே முத்திரை குத்தாமல் வெறும் வயிற்றுச் சர்க்கரையால் உறுதிசெய்யுங்கள். 126-க்கு மேல் என்றால் நீரிழிவு.

கணக்குப்பிள்ளை
சர்க்கரைக்காக எல்லாருக்கும் இரத்தம் எடுக்கவே வேண்டாம், தோழர்களே. முதலில் சலித்தெடுக்க ஒரு நல்ல கருவி சென்னையிலேயே உருவானது. 26,001 பேரை உள்ளடக்கிய சென்னை நகர்ப்புற–ஊரக ஆய்வின் தரவிலிருந்து நீரிழிவு நிபுணர் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் அது. ஊசி தேவையில்லை. ஓர் இஞ்ச் டேப்பும் மூன்று கேள்விகளும் போதும்.

வயது 35-க்குக் கீழ் என்றால் 0, 35 முதல் 49 வரை 20, 50-க்கு மேல் 30. வயிற்றுச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ.க்குக் கீழ் 0. அதிலிருந்து அடுத்த 10 செ.மீ. வரை 10. ஆண் 100, பெண் 90 செ.மீ.யைத் தொட்டால் 20. உடற்பயிற்சியும் உடலுழைப்பும் இரண்டும் இருந்தால் 0, ஒன்று மட்டும் என்றால் 20, இரண்டும் இல்லையென்றால் 30. பெற்றோரில் ஒருவருக்கு நீரிழிவு என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. மொத்தம் 60 அல்லது மேல் என்றால் அதிக அபாயம்.

42 வயது ஆண், சுற்றளவு 94, மேசை வேலை, நடைப்பயிற்சி இல்லை, அம்மாவுக்குச் சர்க்கரை. 20, 10, 30, 10. மொத்தம் 70. அவருக்கு நிச்சயம் சர்க்கரைப் பரிசோதனை. 31 வயது, ஒல்லி, தினமும் ஓடுபவர், குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்றால் இந்தச் சுற்றில் பிரஷரும் கொழுப்பும் போதும்.

வேளச்சேரிவாசி
அருமை. இஞ்ச் டேப் என்கிறீர்கள். பேன்ட் அளவைக் கேட்டு எழுதினால் போதாதா? எடை, உயரமும் எடுக்கிறோமே.

வார்டுசெவிலி
பேன்ட் அளவு வேண்டவே வேண்டாம் சார். தொப்பை விழுந்தவர் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிப் போடுவார். 34 இஞ்ச் பேன்ட்டுக்குள்ள 40 இஞ்ச் வயிறு இருக்கும்.

அளக்கிற இடம்: கடைசி விலா எலும்போட கீழ்விளிம்பைத் தடவிப் பாருங்க, இடுப்பெலும்போட மேல்விளிம்பைத் தடவிப் பாருங்க, நடுப்பகுதியில பேனாவால ஒரு புள்ளி வையுங்க. டேப் அந்த மட்டத்துல தரைக்கு இணையா சுத்தி வரணும், முதுகுப் பக்கம் இறங்கக்கூடாது. வயித்தை எக்கக்கூடாது. மூச்சை மெதுவா விட்டு முடிக்கிறப்ப அளவு. துணித் தையல் டேப் நாள்பட நீளும், ஃபைபர் டேப் வாங்குங்க.

பெண்களுக்குப் பாவாடை நாடாவைத் தளர்த்தச் சொல்லணும். நாடா முடிச்சு சரியா அளக்கிற இடத்துலயே வரும், சதையை மேலும் கீழும் பிதுக்கிவிடும். அதுக்கு மேல டேப்பைச் சுத்தினா ஒரு எண், கழட்டிட்டுச் சுத்தினா வேற எண். திரைக்குப் பின்னால, பெண் பணியாளர்தான் அளக்கணும். இதைச் செய்யலைன்னா பாதிப் பேர் "வேண்டாம்மா"ன்னு போயிடுவாங்க.

மாலைநடை
ஆனால் இந்த 90, 80 எல்லாம் நம் உடல்வாகுக்குக் கடுமையாக இல்லையா? உடல்நிறைக் குறியீடு (பிஎம்ஐ) 25 வரை சரி என்றுதானே படித்திருக்கிறோம்? நம் பரம்பரை உடம்பே இப்படித்தான், மரபணுவை என்ன செய்வது?

பொதுமருத்துவம்
மாலைநடை, இரண்டும் நியாயமான கேள்விகள். 25 என்ற எல்லை ஐரோப்பிய உடம்புகளை வைத்து வந்தது. அதே குறியீட்டில் தெற்காசியருக்குத் தசை குறைவு, கொழுப்பு கூடுதல். அந்தக் கொழுப்பும் தோலுக்கடியில் இருப்பதைவிடக் குடலையும் கல்லீரலையும் சுற்றியே சேர்கிறது. அதனால்தான் இந்தியர்களுக்கு 23-லிருந்து கூடுதல் எடை, 25-லிருந்து உடற்பருமன் என்று வைத்திருக்கிறார்கள். 165 செ.மீ. உயரம், 66 கிலோ என்றால் குறியீடு 24.2. பழைய கணக்கில் அவர் சரி, நம் கணக்கில் கூடுதல். கைகால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னே வந்தவரைப் பார்த்து யாரும் குண்டு என்று சொல்வதில்லை. அவர் இரத்தத்தில்தான் மேலே ஆய்வகத்தான் காட்டிய கொழுப்புக் கோலம் இருக்கும்.

மரபணுவுக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. லிப்போபுரோட்டீன் ஏ என்ற கொழுப்புத்துகளின் அளவு பெரும்பாலும் மரபுவழி. வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும், டெசிலிட்டருக்கு 50 மி.கி.க்கு மேல் என்றால் மற்ற காரணிகளைக் கூடுதல் கண்டிப்போடு கட்டுப்படுத்த வேண்டும். முகாமுக்கு அது தேவையில்லை, இளவயதில் மாரடைப்பு வந்த குடும்பத்தாருக்குத் தனியாகச் செய்யலாம்.

ஆனால் மரபணுவைச் சொல்லிக் கைகழுவ இடமில்லை. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004-இல் வெளிவந்தது. முதல் மாரடைப்பின் அபாயத்தில் ஏறத்தாழ 90 சதவீதத்தை ஒன்பது காரணிகளே விளக்கின: புகை, கொழுப்புத்துகள் விகிதம், இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், காய்கனி குறைவு, உடற்பயிற்சி இன்மை, மது. இதில் மாற்றமுடியாதது ஒன்றுகூட இல்லை. தெற்காசியர்களிடமும் அதே காரணிகள்தான். வித்தியாசம் வயதில்: முதல் மாரடைப்பின் சராசரி வயது நமக்கு 53, மற்றவர்களுக்கு 58.8. காரணிகள் நம்மிடம் சீக்கிரமே சேர்ந்துவிடுகின்றன. 30 வயதிலிருந்தே முகாமுக்கு அழைப்பது அதனால் சரி.

சமையற்கணக்கு
உணவுக் கேள்வித்தாள் பற்றி யாரும் பேசவில்லை, நான் சொல்கிறேன். "உப்பு அதிகம் சாப்பிடுவீர்களா?" என்று கேட்காதீர்கள். யாருமே ஆமாம் என்று சொல்வதில்லை. "ஒரு கிலோ உப்புப் பாக்கெட் வீட்டில் எத்தனை நாள் வரும், எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள்?" என்று கேளுங்கள். நான்கு பேருக்கு 30 நாள் என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்கு மேல். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 5 கிராம், ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. ஊறுகாய், அப்பளம், வடாம், கருவாடு, கடை மிக்சர், இட்லிப்பொடி இவற்றின் உப்பு இந்தக் கணக்கில் இன்னும் வரவில்லை. சாம்பார் சாதம், ரசம் சாதம், மோர் சாதம் என்று மூன்று சுற்றுச் சாப்பிடும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் உப்பு சேர்கிறது. மோருக்கு உப்புப் போடாமல் விடுவது எல்லாரும் முதலில் செய்யக்கூடியது.

எண்ணெய்க்கும் அதே கேள்வி. நான்கு பேர் வீட்டில் மாதம் 4 லிட்டர் என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 30 கிராம். அதைப் பாதியாக்கலாம். தாளிக்கும்போது பாட்டிலைச் சாய்க்காமல் கரண்டியால் அளந்து ஊற்றினாலே கால்பங்கு குறையும். எந்த எண்ணெய் என்பதைவிட எவ்வளவு, எத்தனை தடவை காய்ச்சியது என்பதுதான் முக்கியம். வனஸ்பதியில் ஊடுகொழுப்பின் (டிரான்ஸ் ஃபேட்) அளவு 2022 ஜனவரி முதல் 2 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. பஜ்ஜிக் கடைச் சட்டியில் நாள்முழுக்கக் கொதிக்கும் எண்ணெய்க்கு அந்தக் கட்டுப்பாடு உதவாது.

சோறு பற்றி. தட்டில் பாதிக்குமேல் வெள்ளைச்சோறு என்பதுதான் டிரைகிளிசரைடு ஏறுவதற்கு முக்கியக் காரணம், எண்ணெய் அல்ல. பலர் எண்ணெயை நிறுத்திவிட்டுச் சோற்றை இன்னொரு கரண்டி கூட்டுவார்கள், டிரைகிளிசரைடு அப்படியே நிற்கும். தட்டில் பாதி காய், கால்பங்கு பருப்பு, பயறு, முட்டை அல்லது மீன், கால்பங்கு சோறு. உருளைக்கிழங்கைக் காய்க்கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஓர் எச்சரிக்கை: பொட்டாசியம் கலந்த குறைசோடிய உப்பை எல்லாருக்கும் பரிந்துரைத்துவிடாதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், சிலவகை இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் அதைப் பயன்படுத்தினால் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பே தடுமாறும். மருத்துவரைக் கேட்டபின்தான்.

வார்டுசெவிலி
கேள்வித்தாள்னு சொன்னதும் ஞாபகம் வருது. "புகைபிடிப்பீர்களா?"ன்னு மட்டும் கேட்டா வெத்தலையோட புகையிலை போடுறவங்க, பாக்கெட் புகையிலையை உதட்டுக்குள்ள வைக்கிறவங்க "இல்லை"ன்னுதான் சொல்வாங்க. அவங்க பொய் சொல்லலை, கேள்விதான் தப்பு. பீடி, சிகரெட், வெற்றிலைப் புகையிலை, மாவா, பொடி ஒவ்வொண்ணா கேளுங்க. பெண்கள்கிட்ட கர்ப்பகாலத்துல சர்க்கரையோ பிரஷரோ இருந்துச்சான்னு கட்டாயம் கேளுங்க. பிரசவத்தோட சரியாப் போச்சுன்னு மறந்திருப்பாங்க, ஆனா பின்னாடி இதயநோய் வர்றதுக்கு அது ஒரு முன்னறிவிப்பு.

வேளச்சேரிவாசி
முடிவுகள் வந்தபின் என்ன செய்வது? தாளைக் கொடுத்து அனுப்பினால் போதுமா, டாக்டர்?

பொதுமருத்துவம்
தாளைக் கொடுத்து அனுப்பும் இடத்தில்தான் பெரும்பாலான முகாம்கள் செத்துப்போகின்றன. தமிழ்நாட்டில் 2020-இல் நடந்த தொற்றாநோய்க் கணக்கெடுப்பில் உயர் இரத்த அழுத்தம் 33.9 சதவீதம், நீரிழிவு 17.6 சதவீதம். இதைவிட வலிக்கும் எண் வேறு: இரத்த அழுத்தம் உள்ளவர்களில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம், நீரிழிவில் 10.8 சதவீதம். கண்டுபிடிப்பது மட்டும் நம் பிரச்சினை இல்லை.

ஆகவே அன்றைக்கே தரம்பிரியுங்கள். 140/90-க்கு மேல் என்றால் வேறொரு நாளில் மறுபடி பார்த்துத்தான் நோய் என்று சொல்லவேண்டும், இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள். 160/100 என்றால் ஒரு வாரத்துக்குள் மருத்துவர். 180/110 என்றால் அன்றே. அதோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், ஒருபக்கம் கைகால் பலவீனம் இருந்தால் 108. நாக்கடியில் மாத்திரை வைத்து முகாமிலேயே அழுத்தத்தைச் சடாரென்று இறக்காதீர்கள், மூளைக்கு இரத்தம் குறைந்து பக்கவாதம் வரலாம்.

40 முதல் 74 வயதுள்ளவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 அபாய அட்டவணையில் தெற்காசியப் பக்கத்தைப் பயன்படுத்துங்கள். வயது, பால், புகை, இரத்த அழுத்தத்தின் மேல் எண், நீரிழிவு, மொத்தக் கொழுப்பு தெரிந்தால் பத்தாண்டு அபாயம் நிறத்தில் தெரியும். இரத்தப் பரிசோதனை இல்லாதவர்களுக்கு உடல்நிறைக் குறியீட்டை வைத்துப் பார்க்கும் இன்னோர் அட்டவணையும் உண்டு. பச்சை 5 சதவீதத்துக்குக் கீழ், ஆரஞ்சு 10-லிருந்து, சிவப்பு 20-லிருந்து. ஒரு சிக்கல்: 40 வயதுக்குக் கீழ் இந்த அட்டவணையே இல்லை. 36 வயதில் நீரிழிவு, புகை, அப்பாவுக்கு 50 வயதில் மாரடைப்பு இருப்பவரை நிறம் பார்த்து முடிவுசெய்யமுடியாது. அவரை நேராக மருத்துவரிடம் அனுப்புங்கள். எல்டிஎல் 190-ஐத் தாண்டியவருக்கும், ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவருக்கும் அட்டவணை தேவையே இல்லை, மருந்து தேவை.

மாத்திரையை நிறுத்துவது தனி நோய். 128/80 வந்ததும் "சரியாகிவிட்டது" என்று நிறுத்துகிறார்கள். மாத்திரை இருப்பதால்தான் 128. ஆம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை சாப்பிட்டுக் கணுக்கால் வீங்கியவர் சொல்லாமல் விட்டுவிடுவார். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாறலாம், அதைக் கேட்கச் சொல்லுங்கள்.

பணியாளர்களுக்கு மருந்து வாங்கும் செலவு தடையாகக்கூடாது. அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்பச் சுகாதார நிலையத்தில் தொற்றாநோய்ப் பிரிவுச் செவிலியரிடம் முன்கூட்டியே பேசி, முகாமன்றே பதிவுசெய்துகொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வரும். மாத்திரை வரவேண்டியது அவர்கள் வசிக்கும் பகுதிக்கு, வேலைசெய்யும் பகுதிக்கு அல்ல. அந்த முகவரியைப் பதிவேட்டில் கேட்டு எழுதுங்கள்.

நெஞ்சுவலியோடு வருபவர்களுக்குக் கொடுக்க ஆரம்பச் சுகாதார நிலையங்களில் 14 மாத்திரைத் தொகுப்பு 2023-லிருந்து இருக்கிறது, இதயம் காப்போம் திட்டம். ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அடோர்வாஸ்டாடின் 8. பெரிய மருத்துவமனை போகும் வழியில் நேரம் வீணாகாமல் இருக்க அது. யாரும் வீட்டில் வாங்கி வைத்துத் தாமே விழுங்குவதற்கல்ல.

கணக்குப்பிள்ளை
நான் முதலில் சொன்ன ஆய்வின் இன்னொரு முகத்தைச் சொல்லவேண்டும். அந்த நடுத்தரக் குடியிருப்பு மக்கள் முடிவுகளைக் கேட்டபின் சொந்தப் பணம் போட்டு ஒரு பூங்கா அமைத்தார்கள். வாரத்தில் மூன்று முறைக்குமேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 சதவீதத்திலிருந்து 58.7 ஆனார்கள். குறைந்த வருமானக் குடியிருப்பில் அப்படி ஒரு பூங்காவுக்கு இடமும் இல்லை, பணமும் இல்லை. பத்தாண்டு கழித்து நீரிழிவு எண்கள் எங்கே ஒன்றுசேர்ந்தன என்பதை அதோடு சேர்த்துப் படியுங்கள். நடக்கச் சொல்வது எளிது. விளக்கு எரிகிற, நாய் துரத்தாத, வண்டி இடிக்காத பாதை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. காற்றையும் பாருங்கள்: நுண்துகளுக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆண்டு எல்லை கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம், நம் தேசிய அளவு 40. பிரதான சாலையோரம் நெரிசல் நேரத்தில் நடப்பதைவிட உட்தெருவே மேல்.

வேளச்சேரிவாசி
அனைவருக்கும் நன்றி. மாற்றிய திட்டம் இது. ஞாயிறு காலை ஒன்று, புதன் மாலை 5 முதல் 9 வரை ஒன்று. பணியாளர்கள் சேர்த்து 470 பேர். எல்லாருக்கும் கேள்வித்தாள், பிரஷர், வயிற்றுச் சுற்றளவு, எடை, உயரம், கொழுப்பு, கிரியாட்டினின். மதிப்பெண் 60 வந்தவர்களுக்குச் சர்க்கரை. அல்புமின் தேவைப்படுவோருக்கு மட்டும். தைராய்டும் வைட்டமினும் போயிற்று. குடியிருப்பின் பின்பக்கச் சுவரோரம் 300 மீட்டர் பாதையில் விளக்குப் போட சங்கக் கூட்டத்தில் வைக்கிறேன், அதில் பணியாளர்களும் நடக்கலாம் என்று சேர்த்தே தீர்மானம் எழுதுகிறோம். வேறு ஏதாவது விட்டுப்போயிற்றா?

ஆய்வகத்தான்
விரல்நுனியில் குத்திப் பார்க்கும் கருவியைப் பயன்படுத்தினால் சோதனைப் பட்டைகளின் டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள், நம் ஊர் ஈரப்பதத்தில் கெட்டுவிடும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தபின் குத்துங்கள். பழம் தின்ற விரலில் 300 காட்டும். விரலைப் பிதுக்காதீர்கள். அதில் வரும் எண் 15 சதவீதம் இப்படியோ அப்படியோ இருக்கலாம், அதனால் அதை வைத்து யாருக்கும் நோய் என்று முடிவுகட்டக்கூடாது. 140-க்கு மேல் என்றால் சாம்பல் மூடிக் குழாய்க்கு அனுப்புங்கள்.

வார்டுசெவிலி
இரவுக்காவல் முடிச்சிட்டு வர்ற அண்ணன்மாரை ஞாயிறு காலையில உடனே உட்காரவச்சுப் பிரஷர் பார்க்காதீங்க சார். தூக்கம் இல்லாம, டீ குடிச்சிட்டு வருவாங்க, கூடுதலா காட்டும். அவங்களைப் புதன் மாலை, டியூட்டிக்கு முன்னாடி போடுங்க. அப்புறம் நாற்காலி: பந்தல்காரர் ஸ்டூல் கொண்டுவந்து இறக்கிடுவார். முதுகு சாயிற நாற்காலி 12னு இப்பவே எழுதிக் கொடுத்திடுங்க. மெஷினுக்கு மாற்று பேட்டரி ரெண்டு செட்.